இரண்டு அங்குல உயரத்துக்கான விண்ணப்பம்

ஓரின் ட்வைட் தம் காரை இரண்டு அங்குலம் உயர்த்த நினைத்தார். அறுபத்தெட்டு வயதில் எதற்கு இந்த வேலை என்று டார்பி ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மொன்டானா மலைப்பக்கத்தில் வண்டியை உயர்த்துவதும் தாடி வளர்ப்பதும் ஒன்றுதான். ஏன் என்று கேட்டால் கேட்டவருக்குத்தான் விவரம் போதாது என்பார்கள். கேட்டது ஒரே ஓர் இடம், அந்த வண்டியைச் செய்த ஆல்டன்பெர்க் கம்பெனி. அதுவும் ஒரு தடவை கேட்டுவிட்டு விடவில்லை. நாற்பத்தொரு நாள் கேட்டது.

காரணம் ரொம்பச் சின்னது. அவருடைய மனைவி மார்லிஸுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். ஊருக்கு மேற்கே தார் ரோடு முடிந்து ஏழு மைல் கல்லும் குழியுமான பாதையில் போனால் ஓர் ஏரி வரும். அவர்களுடைய மகள் லின்னியாவின் சாம்பலை அந்த ஏரியில்தான் கரைத்திருந்தார்கள். லின்னியா ஒன்பது வயதில் போய்விட்டாள். ஆச்சு, முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினாலாம் தேதியும், அவள் பிறந்தநாளன்று, இரண்டு பேரும் மேலே போவார்கள். மூன்றாவது மைலில் பாதைக்குக் குறுக்கே ஒரு பாறைத் திட்டு கிடக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மிச்சம் நாலு மைலை நடந்தே கடப்பார்கள்.

இந்த வருஷம் மார்லிஸால் சமையலறை வரைக்கும் நடக்க முடிந்தாலே நல்ல நாள்.

"ஆகஸ்ட் வரைக்கும் சொல்லலாம். செப்டம்பரைப் பத்தி நான் பேச மாட்டேன்," என்றார் டாக்டர்.

"எனக்கு ஆகஸ்ட் போதும்," என்றாள் மார்லிஸ்.

முதலில் மார்லிஸின் தங்கை ரொவீனாவின் டிரக்கில் போய்ப் பார்த்தார்கள். ரொவீனா ஹாமில்டனில், வண்டிகளை உயர்த்துகிற லிஃப்ட் கிட் மாட்டும் பட்டறை வைத்திருப்பவள். அவளுடைய டிரக் எந்தப் பாறையையும் தாண்டும். ஆனால் இரும்பு ஸ்பிரிங் வண்டி. மண் பாதையில் அரை மைல் போவதற்குள் மார்லிஸ் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொவீனாதான் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அதற்குப் பிறகுதான் ஓரின் ஆல்டன்பெர்க்கை வாங்கினார். பழைய வண்டிதான். ஆனால் நாலு சக்கரத்துக்கு மேலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். குழியில் இறங்கினாலும் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி இருக்கும். பின்சீட்டில் தலையணை வைத்து மார்லிஸைச் சாய்த்து ஒரு நாள் மேலே கூட்டிப்போனார். இரண்டு மைல் வரைக்கும் அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மைலில், பாறைத் திட்டில் வண்டியின் வயிறு உரசி நின்றது. இருப்பதிலேயே உயரமான நிலைக்கு ஏற்றியும் பார்த்தார். இரண்டு அங்குலம் போதவில்லை.

"இதுக்கு ஏன் அத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் ரொவீனா. "காத்துப் பைக்கு மேல அலுமினியக் கட்டை வச்சா முடிஞ்சுது. சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதுதான் வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. அதையும் மாத்திட்டா கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். ஒரு மத்தியான வேலை."

ஜூலை முதல் தேதி மத்தியானம் வேலை முடிந்தது. வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா கூன் போட்டிருந்த ஆளு நிமிர்ந்த மாதிரி இருக்கு," என்றாள்.

மறுநாள் காலையில் ஓரின் சாவியைத் திருப்பியதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. "உங்கள் வாகனம் தன்னைவிட உயரமாக இருப்பதாக உணர்கிறது. அதன் மன அமைதிக்காக மரியாதை உயரத்துக்கு இறக்கப்படுகிறது." புஸ்ஸென்று சத்தம் கேட்டது. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, தரையோடு தரையாக உட்கார்ந்தது. அதற்குமேல் முப்பது மைல் வேகத்தைத் தாண்டவும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

ரொவீனா மடிக்கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் கம்பியை ஏமாத்தினேன். இது ராத்திரியோட ராத்திரியா கம்பெனிக்குக் கோள் சொல்லியிருக்கு. அவங்க அங்கேர்ந்தே பூட்டிட்டாங்க."

"கட்டையைக் கழட்டிட்டா?"

"கழட்டினாலும் எழுந்திருக்காது. விசாரணை முடியற வரைக்கும் இப்படியேதான் இருக்குமாம். மிசூலாவுல உயர மையம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அங்க போகச் சொல்லுது."

உயர மையம் தரைத்தளத்தில் இருந்தது. உள்ளே செயற்கை அருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க ஒரே படம்: பனிமலையின் கூர்மையான உச்சியில் ஆல்டன்பெர்க் ஒன்று ஒய்யாரமாக நிற்கிறது. ஓரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "படத்திலுள்ள மலை விளக்கத்துக்காக மட்டும். வாகனத்தை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்."

அவரை வரவேற்றவன் பிராக்ஸ்டன் லூஸ் என்கிற முப்பது வயதுக்காரன். உயர அனுபவ ஆலோசகர் என்று சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தான். அவன் கை கொடுத்த விதத்தில் ஓரினுக்கு நம்பிக்கை பிறந்தது. அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"சார், ஒரு விஷயம் மட்டும் நமக்குள்ள தெளிவாயிடணும்," என்றான் லூஸ். "வண்டி உங்களோடது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது தரையிலேர்ந்து எவ்வளவு தூரத்துல இருக்கணும்கிறது எங்களோடது. அதை நாங்க உங்களுக்கு அனுபவிக்கக் குடுத்திருக்கோம்."

"அப்ப தரையாவது என்னோடதா?"

லூஸ் யோசித்தான். "தரை எங்க துறையில வராது சார்."

விண்ணப்பம் ஒரு தொடுதிரையில் வந்தது. உயரம் கோரும் நோக்கம் என்ற இடத்தில் நாலு விடைகள்தான் இருந்தன: வேட்டை, பந்தயம், தோற்றப்பொலிவு, குடும்பப் பொழுதுபோக்கு. ஓரின் நாலையும் இரண்டு தடவை படித்தார். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் குடும்பப் பொழுதுபோக்கைத் தொட்டார். திரையில் பலூன்கள் பறந்தன.

அடுத்தது: சந்திக்கப்போகும் குடும்ப உறுப்பினர். லின்னியா ட்வைட். உறவு, மகள். பிறந்த தேதி, 1985 ஆகஸ்ட் 14. வயது என்ற இடத்தில் அவர் யோசிக்காமல் ஒன்பது என்று எழுதினார். முப்பத்தோரு வருஷமாக அவருக்குத் தெரிந்த வயது அதுதான்.

"அவ்வளவுதான் சார். இன்னும் ஒரே ஒரு படி," என்றான் லூஸ்.

அந்த ஒரே ஒரு படிக்குப் பெயர் உயரப் பொறுப்புணர்வுப் பயிற்சி. கூடத்தின் நடுவில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. வாடிக்கையாளர் அதன்மேல் கால்மணி நேரம் நிற்க வேண்டும். தாம் கேட்கும் உயரத்தின் கனத்தை மனசார உணர வேண்டும். பக்கத்துப் பலகையில் ஒரு பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓரினும் ஏறி நின்றார்.

"என்ன உணர்றீங்க சார்?"

"முட்டி வலிக்குது."

லூஸ் குறித்துக்கொண்டான். உயரத்தால் வாடிக்கையாளருக்கு உடல் உபாதை. அதனால் மருத்துவச் சான்று ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது. மறுபடியும் ஒரே ஒரு படி.

இப்படியே ஜூலை பாதி போனது. தரையோடு ஒட்டிய வண்டியில் முப்பது மைல் வேகத்தில் ஓரின் மிசூலாவுக்குப் போவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அடித்துத் திட்டுவார்கள். சாயங்காலம் திரும்பி வருவார். மார்லிஸ் கட்டிலிலிருந்தே கேட்பாள், "இன்னைக்கு என்ன ஆச்சு?"

"முடிஞ்ச மாதிரிதான். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"நேத்தும் ஒண்ணுதானே பாக்கி?"

"அது வேற ஒண்ணு."

மூன்றாவது வாரத்தில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. குரலில் தேன் வழிகிற ஒரு பெண்மணி. குடும்ப நலப் பிரிவாம்.

"மிஸ்டர் ட்வைட், உங்க மக லின்னியாவுக்கு ஒன்பது வயசுன்னு போட்டிருக்கீங்க. அவ இப்ப வீட்டுல இருக்காளா?"

"இல்லம்மா. மேல, ஏரியில."

"ஏரியிலயா? கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "மிஸ்டர் ட்வைட், குழந்தைங்க பாதுகாப்பு விஷயத்துல எங்க கம்பெனி விட்டுக்குடுக்கறதே இல்ல. நீங்க கவலைப்படாதீங்க, நாங்க நடவடிக்கை எடுக்கறோம்." அவர் மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள், இந்த உரையாடலுக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஓர் இயந்திரக் குரல் வந்துவிட்டது.

நாலாவது நாள் வாசலில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று இறங்கியது. ஓரின் அன்றைக்கும் மிசூலாவில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது பெட்டி பிரித்துக் கிடந்தது. சோபாவில் தலையணைகளுக்கு நடுவே மார்லிஸ் சாய்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், சிவப்பு ரிப்பன் கட்டிய, காரில் மாட்டுகிற குழந்தை இருக்கை ஒன்று. ஒன்பது வயதுக்கானது. "லின்னியாவின் பத்திரமான பயணத்துக்கு, அன்புடன் உங்கள் ஆல்டன்பெர்க் குடும்பம்" என்று ஓர் அட்டை தொங்கியது.

மார்லிஸ் சிரித்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, போதும் போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் இருக்கையின் தோள்பட்டை விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவு உயரம்தான் இருந்தா, இல்ல? நான் என்னமோ இன்னும் பெரிசா இருந்தான்னு நினைச்சுட்டிருந்தேன்."

ஓரின் இருக்கையைத் தூக்கிக்கொண்டு போகக் குனிந்தார். "இருக்கட்டும் விடு," என்றாள் அவள்.

மறுநாள் அவர் லூஸின் முன்னால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என் மக செத்துட்டா. முப்பத்தோரு வருஷமாச்சு. ஏரியில இருக்கறது அவ சாம்பல். அங்கதான் என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும். அவளுக்கு ரொம்ப நாள் இல்ல. இதை எங்க எழுதணும்னு சொல்லு, எழுதிட்டுப் போறேன்."

லூஸின் முகம் வாடியது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் விஷயத்தை இன்னும் சிக்கலாக்கியது. கையை நீட்டி ஓரினின் கையைத் தொட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான்.

"சார், இறந்தவர்னு ஒரு தேர்வே இல்ல. 'காலாவதியான தொடர்பு'ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போடட்டுமா?"

"போடு."

போட்டான். திரை சிவந்தது. லூஸ் உதட்டைப் பிதுக்கினான். "இதுல ஒரு சிக்கல் இருக்கு. குடும்பப் பொழுதுபோக்குன்னா சந்திப்பு ரெண்டு பக்கமும் நடக்கணும்னு விதி. அவங்க உங்களைச் சந்திக்கிற நிலைமையில இல்லாததால, நோக்கமே ரத்தாகுது. நோக்கம் இல்லாத உயரத்தை நாங்க குடுக்க முடியாது. ஆனா நீங்க மனசைத் தளர விடக்கூடாது சார். ஸ்போகேன்ல மேல்முறையீட்டுக் குழு இருக்கு. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி உட்கார்றாங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

"பன்னிரண்டா? பதினாலாம் தேதி நாங்க மேல போகணும்."

"பார்த்தீங்களா? ரெண்டு நாள் கையில இருக்கு," என்று லூஸ் மலர்ந்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு விஷயம். வண்டி ரெண்டு பேர் பேர்ல இருக்கு. ரெண்டு பேரும் நேர்ல வரணும்."

ரொவீனாவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் பட்டறையில் கையிலிருந்த ஸ்பேனர் எங்கேயோ போய் விழுந்தது.

"ஸ்போகேன் இங்கேர்ந்து இருநூத்தறுபது மைல், அத்தான். அக்கா உடம்புல இன்னும் ஒரு பயணத்துக்குத்தான் தெம்பு இருக்கு. அதைப் போய் அந்தக் கூட்டத்துல செலவழிக்கணுமா? நான் சொல்றதைக் கேளுங்க. டார்பி தீயணைப்புப் படையில எட்டுப் பேர் இருக்காங்க. மலையில கால் உடைஞ்சவங்களைத் தூக்கிட்டு வர்ற ஸ்ட்ரெச்சர் இருக்கு. தார் ரோடு முடியற வரைக்கும் வண்டியில போவோம். அதுக்கப்புறம் ஆள் மாத்தி ஆள் தூக்கிட்டுப் போயிடுவோம். பஞ்சு மெத்தை மாதிரி கொண்டுபோவாங்க. நான் கேட்டும் வச்சுட்டேன். 'எப்ப வரணும்'னுதான் கேட்டாங்க."

ஓரின் மேஜையில் இருந்த விண்ணப்பக் கோப்பைப் பார்த்தார். அதற்குள் இப்போது நூற்றுப்பதினாறு தாள்கள் இருந்தன.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, ரோ. இன்னும் ஒரு படிதான். அவ வண்டிக்குள்ள உட்கார்ந்து, ஜன்னல் வழியா பார்த்துட்டு, ராணி மாதிரி போகட்டுமேன்னு பார்க்கறேன்."

"ராணி மாதிரி போகணும்னு அக்கா கேட்டாளா?"

மார்லிஸ் கேட்டிருக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் புருஷன் அந்தக் கோப்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, போவோம் ஓரின். அந்த லூஸையும் நான் ஒரு தடவை பார்க்கணும்," என்றாள்.

நெடுஞ்சாலையில் முப்பது மைல் வேகத்தில் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால், விசாரணைக்குப் போக மட்டும் என்று கம்பெனி அன்று ஒரு நாள் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. உயரத்தைத் தரவில்லை. தரையை ஒட்டியபடி ஐந்து மணி நேரம். தாழ்ந்து கிடந்த காற்றுப் பைகளில் காற்றே இல்லாததால், ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் நேராக மார்லிஸின் முதுகுக்கு வந்தது.

மேல்முறையீட்டுக் குழு ஒரு மண்டபத்தில் கூடியது. மேடையில் சிவப்புக் கம்பளம். அதன்மேல் ஓரினின் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். குழுத் தலைவர் ஹாலிஸ் பிரண்டிட்ஜ் வெள்ளித் தலையும் கனத்த குரலுமாக எழுந்தார். உயர நேர்மைத் துறையின் முதன்மை அதிகாரி. பார்வையாளர் வரிசையில் அதே துறையின் ஊழியர்கள் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நண்பர்களே," என்றார் பிரண்டிட்ஜ், "இந்தத் துறை ஆரம்பிச்சுப் பதினோரு வருஷமாச்சு. இந்தப் பதினோரு வருஷத்துல எங்க வண்டி ஒண்ணுகூட மலையில கவிழ்ந்ததில்ல. இது எப்படிச் சாத்தியமாச்சு? எங்க வண்டி ஒண்ணுகூட மலைக்குப் போகல. அதுதான் எங்க சாதனை."

கைதட்டல்.

"மக்கள் எங்ககிட்ட வாங்கறது மலையேறுற வண்டியை இல்ல. தன்னால மலையேற முடியும்கிற நம்பிக்கையை. நம்பிக்கைங்கறது புது டயர் மாதிரி. ஓட்டினா தேஞ்சு போயிடும். அது தேயாமப் பார்த்துக்கறதுதான் எங்க வேலை. அதுக்காகத்தான் இந்த அறுபது பேரும் தினமும் காலையில எட்டு மணிக்கு வந்து, வாடிக்கையாளர் மேல உள்ள பாசத்தால, முடியாதுன்னு சொல்லிட்டு இருக்காங்க. முடியாதுன்னு சொல்றது சுலபம்னு நினைக்காதீங்க. ஒவ்வொருத்தரும் ஒரு காரணத்தோட வர்றாங்க. அதைக் காது குடுத்துக் கேக்கணும். கேட்டுட்டும் மனசு மாறாம இருக்கணும். அதுக்குப் பயிற்சி வேணும்."

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மார்லிஸின் பக்கம் திரும்பினார். அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. உங்க மகள் இருக்கற ஏரியைப் பார்க்கறதால உங்களுக்குக் கிடைக்கிற திருப்தியை ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்ல முடியுமா?"

மார்லிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பேர் மேடம்."

"அவங்களைப் பார்த்தா எவ்வளவு?"

பிரண்டிட்ஜ் தாள்களைப் புரட்டினார். "பத்துன்னு எழுதிக்கறேன்," என்றார்.

அந்தப் பத்துதான் காரியத்தைச் சாதித்ததோ, மாநிலத்தில் யாருக்குமே உயரம் தந்ததில்லை என்று வெளியில் பேச்சு வந்துவிடக்கூடாது என்று நினைத்தார்களோ, விண்ணப்பம் அங்கேயே ஏற்கப்பட்டது. அதற்கும் ஒரு சடங்கு இருந்தது. மார்லிஸைத் தூக்கி வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். இணை உரிமையாளர் இருக்கை என்று அதைக் கணினியில் ஏற்றி, அவள் எடையையும் பதிந்துகொண்டார்கள். தொண்ணூற்றிரண்டு பவுண்டு. பிரண்டிட்ஜ் ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டிக்குள் மோட்டார் முனகியது. அறுபது பேர் எழுந்து நின்று கைதட்ட, ஆல்டன்பெர்க் கம்பளத்தின்மேல் மெல்ல எழும்பியது. மிசூலாவிலிருந்து வந்திருந்த லூஸ் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.

ஓரின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மார்லிஸ், கிடைச்சிடுச்சு!"

அவள் கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தேடிப் பிடித்தாள். "வீட்டுக்குப் போலாம், ஓரின்."

பதிமூன்றாம் தேதி காய்ச்சல் வந்தது. பதினாலாம் தேதி காலையில் ஓரின் ஃபிளாஸ்கில் காபி ஊற்றி, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கட்டி வைத்தார். வண்டி வாசலில் நிமிர்ந்து நின்றது. மார்லிஸைத் தூக்கப்போனபோது, தோளுக்கடியில் அவர் கை பட்டதுமே அவள் முனகினாள். அந்த முனகலைக் கேட்டதும் அவர் கையை எடுத்துவிட்டார்.

"நீ மட்டும் போயிட்டு வா," என்றாள்.

"மாட்டேன்."

"அவ பார்த்துட்டு இருப்பா."

"இருக்கட்டும். ஒரு வருஷம் பார்த்துட்டு இருக்கட்டும்."

அவர் நாற்காலியைக் கட்டிலருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். காபி ஆறிப்போனது. வெளியில் வண்டி, அவ்வப்போது காற்றைச் சரிசெய்துகொண்டு, லேசாக முனகிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதாம் தேதி மத்தியானம், ரொவீனா அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே, மார்லிஸ் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஓரின் யாரிடமும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை ரொவீனாவிடம் சொன்னார். "நாப்பத்தொரு நாள்ல இருபத்திரண்டு நாள் நான் வீட்டுல இல்ல, ரோ. எண்ணிப் பார்த்துட்டேன். அந்தப் பலகை மேல நின்னுட்டு இருந்திருக்கேன்." ரொவீனா அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது. தீயணைப்புப் படையின் எட்டுப் பேரும் சாவுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஸ்ட்ரெச்சரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில், பனி இறங்குவதற்கு முன்னால், ஓரினும் ரொவீனாவும் ஆல்டன்பெர்க்கில் மேலே கிளம்பினார்கள். ரொவீனா ஓட்டினாள். மார்லிஸின் சாம்பல் இருந்த மரப்பெட்டியை ஓரின் முன்சீட்டில் மடியில் வைத்திருந்தார். முதல் மைல், இரண்டாவது மைல், வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல் போனது. மூன்றாவது மைலில் பாறைத் திட்டு தெரிந்ததும் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. வண்டி தரையோடு உட்கார்ந்தது.

திரையில் எழுத்து ஓடியது. "உயரம் தேவைப்படும் இடம் வந்துவிட்டது. இணை உரிமையாளர் தம் இருக்கையில் இல்லை. கூட்டு உயரம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது."

ரொவீனா ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். வாய்க்கு வந்த எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சொன்னாள். பிறகு இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். தன்னுடைய இரும்பு டூல்பாக்ஸை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். போதவில்லை. இழுவைச் சங்கிலியை அதன்மேல் போட்டாள். பாதையோரத்திலிருந்து இரண்டு கல்லைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது கல்லை வைத்ததும் வண்டியின் உள்விளக்கு எரிந்தது. அந்தத் தேன் குரல் கேட்டது:

"வருக, மார்லிஸ். உங்கள் பயணம் இனிதாகட்டும்."

மோட்டார் முனகியது. வண்டி எழும்பியது.

ரொவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். டூல்பாக்ஸ், சங்கிலி, இரண்டு கல். சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி அவற்றுக்கு மணியடித்துக்கொண்டிருந்தது.

அவர் பெட்டியோடு கீழே இறங்கினார்.

"அத்தான், ஏறுங்க. இதுக்குத்தானே இவ்வளவும். போயிடலாம்."

"நீ ஓட்டிட்டு வா. நாங்க நடந்து வர்றோம்."

ஆல்டன்பெர்க் பாறைத் திட்டை ஒரு குலுங்கல் இல்லாமல் தாண்டியது. டூல்பாக்ஸையும் கல்லையும் ராணி மாதிரி ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் பதமாக இறங்கி ஏறி, முன்னால் போனது. ஓரின் பின்னாலேயே நடந்தார். வழக்கமாக ஒன்றரை மணி நேரமாகும். அன்றைக்கு மூன்று மணி நேரமானது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ரொவீனா அங்கங்கே வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள், கூப்பிடவில்லை.

ஏரியில் காற்று இருந்தது. ஓரின் முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி நின்று பெட்டியைக் கவிழ்த்தார். கொஞ்சம் தண்ணீரில் விழுந்தது. கொஞ்சம் காற்றில் திரும்பி வந்து அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டவில்லை. தண்ணீர் தெளிகிற வரைக்கும் நின்றார். தெளிந்த பிறகும் நின்றார். கால் மரத்துப்போன பிறகு ரொவீனாதான் வந்து முழங்கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

காலிப் பெட்டியை அவளிடம் கொடுத்தார். அவள் காரைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார்.

ஏறும்போது கை நிறையச் சுமை இருந்தது. இறங்கும்போது இரண்டு கையும் சும்மா இருந்தன. பாக்கெட்டில் விட்டுப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார், நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் சரிப்படவில்லை. நாலு மைலும் அப்படியே போனார்.